மாட்டு மருந்தும் டீச்சரின் பூனையும்

டீச்சர் அன்று கொண்டுவந்தது குழந்தைகளின் இருமல் மருந்துக் குப்பி. லேபிளைச் சுரண்டி எடுத்து, வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்தியிருந்தார். மூடியைத் தனியாகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். அவ்வளவு சுத்தமான குப்பியை எங்கள் பால் சொசைட்டியில் அதற்கு முன் யாரும் நீட்டியதில்லை. அதில்தான் நான் மருந்தை ஊற்றிக் கொடுத்தேன்.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். சொசைட்டியில் பால் அளந்து வாங்குவது என் வேலை. தவிட்டு மூட்டை, கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து, மாட்டுக்கு உண்ணி மருந்து இவையெல்லாம் பின்னால் ஓர் அலமாரியில் இருக்கும். எடுத்துக் கொடுப்பதும் நான்தான். பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் மாடு அசை போடவில்லை, மடி வீங்கியிருக்கிறது என்று யாராவது வந்து நின்றால், இத்தனை வருஷம் கண்ணால் பார்த்ததை வைத்து ஏதோ சொல்வேன். பாதிக்குப் பாதி சரியாகிவிடும். அதனால் வரிசையில் நிற்கும் பெண்கள் எனக்கு ‘அரை டாக்டர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கேலிதான். ஆனாலும் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மற்றதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

டீச்சர் எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். சொசைட்டிக்குப் பின்னால் வாடகை வீடு. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்; வாளையார் செக்போஸ்ட் தாண்டிப் போனால் வர பத்து நாள் ஆகும். பிள்ளைகள் இல்லை. வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு பெண் பூனை மட்டும் இருந்தது. சாயங்காலம் அரை லிட்டர் பால் வாங்க வரும்போது அதுவும் கூட வரும். படி ஏறாது. கீழே உட்கார்ந்து, டீச்சர் திரும்பும் வரை வாலைக் காலில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அந்த வருஷம் மழை விட்டதும் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தது. டீச்சரின் கணுக்கால் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. அங்கன்வாடிக்குப் போனால் பிள்ளைகளின் அம்மாக்கள் அவர் காலைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டு ஓனர் ஒரு வியாழக்கிழமை வந்து நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: “ஞாயித்துக்கெழமைக்குள்ள தெள்ளு போகோணும். இல்லீனா பூனை போகோணும். நானே சாக்குல கட்டிக் கொண்டுபோய் உட்டுருவேன்.”

அன்று சாயங்காலம்தான் டீச்சர் அந்தக் குப்பியோடு வந்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர் பால் தூக்கோடு நின்றிருந்தார்கள்.

“அண்ணா, பூனைக்குத் தெள்ளு தாங்க முடியலீங்ணா. மாட்டுக்குக் குடுக்கறீங்களே, அது பூனைக்கு ஆகுங்களா?”

எனக்குத் தெரியாது. பூனைக்கு மருந்து கொடுத்து எனக்குப் பழக்கமே இல்லை. தெரியாது என்பது ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசையிலிருந்து ஒருத்தி முந்திக்கொண்டாள்: “அரை டாக்டரு இருக்கறப்ப எதுக்குங்க டீச்சர் யோசிக்கறீங்க? எருமையவே எந்திரிக்க வெச்சவரு, பூனை என்ன பெருசா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “ஆகுங்க டீச்சர்” என்றேன்.

மாட்டுக்கு எந்த அளவில் கலக்குவது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். குப்பியில் ஊற்றும்போதுதான் யோசனை வந்தது. பூனைக்கு முடி அடர்த்தி, தெள்ளு குதித்து ஓடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் போக வேண்டும். மாட்டுக்குக் கலக்குவதைப் போல இரண்டு பங்கு மருந்து ஊற்றித் தண்ணீர் கலந்தேன். பலிக்காவிட்டால் என் பேர் கெட்டுப்போகும் என்ற நினைப்பும் அதில் இருந்தது. “மேலெல்லாம் நனையற மாதிரி தேச்சு உடுங்க. கழுவ வேண்டாம். அப்படியே வெயில்ல காயட்டும்” என்றேன். மாட்டுக்கு அப்படித்தான் செய்வோம். மாடு தன் உடம்பு முழுவதையும் நக்கித் துடைக்காது, பூனைக்கு நாள் முழுக்க அதுதான் வேலை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். பூனையின் காது இரண்டும் படபடவென்று துடித்தன. வாயில் நுரை. உடம்பு முழுக்க நடுக்கம். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு மிருகாசுபத்திரிக்குப் போனேன். வழியில் அவர் என் முதுகுக்குப் பின்னால் பூனையிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். துண்டை விலக்கியதும், “எந்தா தேச்சது?” என்று மலையாளத்தில் கேட்டார்.

டீச்சர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பி, “கடைல வாங்கினதுங்க. பேரு தெரியலீங்க” என்றார்.

எனக்கு வேலை போய்விடக் கூடாது என்று அப்படிச் சொன்னார். கேட்காமலே அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றேன்.

டாக்டர் குனிந்து பூனையின் முதுகை முகர்ந்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியாததா? “இது மாட்டு மருந்து. அங்கன்வாடிப் பிள்ளைகளெ நோக்குற டீச்சரல்லே நீங்க? பூச்ச இதைத் தாங்குமோ?” என்று பூனையைக் காட்டிக் கேட்டார். டீச்சர் தலை குனிந்துகொண்டார். ஊசி போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் பூனையைக் கழுவினார்கள். நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். கழுவிக்கொண்டே டாக்டர் மறுபடியும் கேட்டார்: எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு மருந்து? சொன்னால்தான் எத்தனை கடுமை என்று தெரியும்.

“சாதாரணமாக் கலக்கற மாதிரிதானுங்க” என்றார் டீச்சர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அறையில் விடை தெரிந்தவன் நான் ஒருவன். செம்பு என் கையில் இருந்தது. தண்ணீர் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பூனை உயிரோடு இல்லை. வீட்டு ஓனர் சொன்ன நாளில்தான் வந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போவது போல அந்த ஆசுபத்திரிக்குத் தனியாகப் போய், பூனைத் தெள்ளுக்கு என்னதான் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பேன் சீப்பை சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வார வேண்டும். சீப்பில் வரும் கறுப்புப் பொடியை ஈர வெள்ளைத் துணியில் தேய்க்கும்போது சிவந்தால் அது தெள்ளின் கழிவு. பூனை படுக்கும் துணியையும் பாயையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும், தரையின் இடுக்கெல்லாம் கூட்ட வேண்டும், ஏனென்றால் முட்டையெல்லாம் அங்கேதான் கிடக்கும். பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடை பார்த்து எழுதிக் கொடுத்த அளவில், நாக்கு எட்டாத பிடரியில் விட வேண்டும். மாதா மாதம் விட்டால் திரும்ப வராது. நாய் மருந்தும் மாட்டு மருந்தும் பக்கத்திலேயே வரக்கூடாது. சொல்லி முடித்துவிட்டு, “வீட்டில் பூச்ச உண்டோ?” என்று கேட்டார். பூனை இல்லை என்றேன். அன்று செம்போடு நின்ற ஆள் நான்தான் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. அதிலும் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

டீச்சர் வழக்கம்போல அரை லிட்டருக்கு வந்துகொண்டிருந்தார். “அண்ணா” என்றுதான் கூப்பிட்டார். ஊரில் யாரிடமும் என் பேரைச் சொல்லவில்லை. தானே ஏதோ தப்பாகத் தேய்த்துவிட்டதாக எல்லோரும் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் பால் அளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இப்படி இரண்டு வருஷம் போனது.

போன மாதம் அங்கன்வாடி வாசலில் ஒரு கறுப்புக் குட்டிப் பூனை வந்து ஒட்டிக்கொண்டதாம். டீச்சர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று சாயங்காலம் பால் வாங்கியவர் நகராமல் நின்றார்.

“அண்ணா, குட்டி மேல தெள்ளு இருக்குதுங்ணா. என்ன பண்ணலாமுங்க?”

ஏன் மறுபடி என்னிடம் கேட்டார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பேன் சீப்பு, வெந்நீர், பிடரி எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“எனக்குத் தெரியாதுங்க டீச்சர். டாக்டரைக் கேளுங்க.”

“அரை டாக்டருக்கே தெரியாதாமா! அப்ப காலு டாக்டர்னு மாத்திக்கலாம்” என்றாள் வரிசையில் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பால் வாங்கும் ஜன்னல் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“அன்னைக்கும் தெரியாதுதானுங்களேண்ணா?”

“தெரியாதுங்க” என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. “ரெண்டு பங்கு ஊத்திட்டனுங்க. மாட்டுக்கு ஊத்தறதுல ரெண்டு பங்கு.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் கொடுத்தேன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதை எப்போதோ பொறுத்தும் விட்டிருக்கிறார். நானே அதைச் சொல்ல ஒரு வழி வைத்துத்தான் குட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. இந்த இரண்டு பங்கு வேறு. தூக்கின் மூடியை அழுத்தி மூடினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தினார்.

“டாக்டர் கேட்டப்ப பக்கத்துலதானே நின்னீங்க” என்றார். “அங்க சொல்லியிருக்கலாமுங்களே.”

மறுநாள் சாயங்காலம் டீச்சரின் தூக்கை எடுத்துக்கொண்டு அங்கன்வாடி ஆயா வந்தார். அடுத்த நாளும் அவரே வந்தார். இப்போது தினமும் அவர்தான் வருகிறார். குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அரை லிட்டர் அளந்து ஊற்றுகிறேன்.