ஏணி ஏற வேண்டிய வயிறு

பிப்ரவரி 3. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தது: 9,200.
பிப்ரவரி 11. ஸ்கேன்: 6,750.
பிப்ரவரி 17. மருத்துவமனை மதிப்பீடு: லேப்பராஸ்கோப் 2,40,000, ரோபோ 3,85,000.
மார்ச் 4. செலுத்தியது: 2,71,300.

நான் குறித்துவைத்த மேற்படி செலவுகள் என் தங்கையின் கணவருடையவை. முழுவதையும் துறைமுகக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்த முறை என்று முடிவெடுக்கையில் பணம் குறுக்கே வரவில்லை. வந்தது ஏணி.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கூட வேலை செய்பவர்களுக்குக் 'கழுகு'. அவருடைய பழைய கிரேனுக்கு லிஃப்ட் கிடையாது. இரும்பு ஏணியில் ஏறித்தான் உச்சிக் கூண்டில் உட்கார வேண்டும். புதிய கிரேன்களைத் தரையில் ஓர் அறையில் இருந்தபடி, திரையைப் பார்த்து ஓட்டுகிறார்கள். அந்த அறைக்கு இருமுறை கூப்பிட்டும் இவர் போகவில்லை. அதற்கு 'டிவி பாக்கிற உத்தியோகம்' என்று பெயர் வைத்திருந்தார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்தன. கடைசி நாள்வரை கூண்டில்தான் என்பது அவர் பிடிவாதம். வயிற்றில் பெரிய தழும்பு விழுந்தால் துறைமுக மருத்துவர் ஏணியில் ஏற விடமாட்டார்.

கேமராவில் தெரிந்த கட்டி பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்தது. ஆலோசனைக்கு நானும் தங்கையும் உடன் போனோம்.

"ரெண்டுமே சின்னத் துளை வழியாத்தான்," என்றார் டாக்டரம்மா. "லேப்பராஸ்கோப்னா நீளமான கருவியை நானே கையில பிடிச்சுச் செய்வேன். ரோபோன்னா கொஞ்சம் தள்ளி உக்காந்து பிடியை அசைப்பேன், அதோட கை உள்ள அசையும். மணிக்கட்டு மாதிரி திரும்பும். இடுக்கான இடத்துல அது வசதி. நேரம் கூட ஆகும். உங்க கட்டிக்கு, குணமாகிறதுல பெரிய வித்தியாசம் இல்ல."

"இழுக்கறப்ப எவ்வளவு இறுக்கம்னு கைக்குத் தெரியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"எங்க ரோபோல தெரியாது. கண்ணாலதான் கணிக்கணும்."

"அப்ப அது தரை அறை கேஸ்," என்று என் பக்கம் திரும்பினார். "சுமை ஆடுறது உடம்புக்குத் தெரியணும் மச்சான். டிவியைப் பாத்துக்கிட்டு என் குடலைத் தூக்கறதா? லேப்பராஸ்கோப்பே போதும்."

"அதுல மட்டும் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டா செய்வாங்க?" என்றாள் தங்கை. "அங்கயும் டிவிதான்."

டாக்டரம்மா ஆமாம் என்று தலையசைத்தார்.

"டிவி இருந்தா என்ன? கருவி அவங்க கையில இருக்குல்ல."

"விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலியாம்!"

"ரெண்டுலயும் சிக்கல் வந்தா வயித்தைத் திறக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை தலையாட்டிக் கையெழுத்திட்டார்.

சிக்கல் வந்தது. இளவயதில் குடல்வால் எடுத்த இடத்தில் குடல் ஒட்டிப்போயிருந்தது. லேப்பராஸ்கோப்பால் பிரிக்க முடியாமல் வயிற்றைத் திறந்தார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது. தழும்பு ஒரு சாண்.

"ரோபோவா இருந்தா திறக்காம முடிஞ்சிருக்குமா?" என்று பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"முடிஞ்சிருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம். ஒரே வயித்தை ரெண்டு விதமா செஞ்சு பாக்க வழியில்லையே."



மே மாதம் வீட்டு மாடிப்படியில் பயிற்சி தொடங்கினார்.

"மொட்டைமாடி வரைக்கும் ஏறிட்டேன் மச்சான், எழுதிக்குங்க."

"நடுவுல உக்காந்தீங்களே மாப்ள?"

"காத்து வாங்கினேன்."

"ஜன்னலே இல்லாத இடத்துல," என்று உள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

ஜூன் மாதம் துறைமுக மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, இருமச் சொல்லி, தழும்பின் மேல் கைவைத்துப் பார்த்தார். இருமும்போது ஓரிடம் லேசாகப் புடைத்தது. கடிதம் வரும் என்றார்.

வந்த கடிதத்தில் இரண்டே வரி. ஏணிப் பணிக்குத் தகுதியில்லை. கட்டுப்பாட்டு அறையில் சேரலாம்.

படித்து மடித்துவிட்டு, "அந்த அறை நாற்காலி கொஞ்சமாவது ஆடுமா மச்சான்?" என்று கேட்டார்.

"சக்கரம் வச்சதா இருக்கும்," என்றாள் தங்கை. "நீங்களே ஆட்டிக்குங்க."

ஜூலை 22. கடிதம்: செலவில்லை.