சால்னா கவர் கட்டிய கால்

பத்து வயதில் என் கால் அறுபட்டதற்குக் காரணம் என் அவசரம்தான். ஆனாலும் பழைய குற்றாலத்துப் பாறையில் எண்ணெய்ப் புட்டியை உடைத்துப்போட்ட யாரோ ஒருவரைத்தான் இன்றுவரை ஏசிக்கொண்டிருக்கிறேன். இடது உள்ளங்காலில் நான்கு தையல். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்க மூன்று வாரமே இருந்தது.

அப்பா ஏழு வருஷம் நடப்பதாக வேண்டியிருந்தார். நடுவில் தவறினால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். அது ஏழாவது வருஷம். நான் நச்சரித்ததில் எனக்கும் மாலை போட்டுவிட்டிருந்தார். மாலை போட்டால் இரண்டு வேளையும் தலைக்குக் குளிக்க வேண்டும், செருப்பு கூடாது. டாக்டரோ காலில் தண்ணீர் படக்கூடாது என்றார். முருகனுக்கும் டாக்டருக்கும் நடுவில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். புரோட்டாக் கடையிலிருந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர் வாங்கிவந்தார்.

"விரதம் இருக்க வீட்ல சால்னா கவரா?" என்று அம்மா முகம் சுளித்தாள்.

"புதுக் கவருதான். இன்னும் சால்னா ஊத்தல," என்றார் அப்பா.

கவருக்குள் காலை விட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் குளித்தேன். பள்ளிக்கூடத்துக்கும் அதோடே போய்ப் பெருமையாகக் காட்டினேன். உள்ளே வேர்த்துத் தோல் ஊறிப்போனதை யாரிடமும் சொல்லவில்லை.

தையல் பிரித்ததும் அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நடந்து திரும்ப வேண்டும். ஒரு தடவை நொண்டினாலும் அரிசியும் பாத்திரமும் ஏற்றிவரும் வேனில்தான் வர வேண்டும். அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருச்செந்தூர் போவதைவிட அவமானம் எனக்கு வேறு இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வீசி நடந்து காட்டினேன். எனக்கு என்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அப்பா பச்சை வேட்டியும் நான் பச்சைப் பாவாடையும் கட்டிக் கிளம்பினோம். பாவூர்சத்திரம், ஆலங்குளம், திருநெல்வேலி எல்லாம் தாண்டும்வரை கூட்டத்தில் நான்தான் முன்னால். மூன்றாம் நாள் ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அப்பா என் காலை ஈரத்துண்டால் துடைத்தார். துண்டு சிவந்தது.

"செம்மண்ணுப்பா," என்று அடித்துவிட்டேன்.

அவர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். டீயைக் குடித்து முடித்து எழுந்தவர் திடீரென்று நொண்ட ஆரம்பித்தார்.

"ஏட்டி, எனக்கு முடியல. குதிகால் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. நான் வேன்ல ஏறிக்கிடுதேன். தனியா இருந்தா போரடிக்கும், நீயும் தொணைக்கு வாறியா?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆறு வருஷம் நடந்த ஆள் இப்படியா கவிழ்வார்? சரி, பெற்ற அப்பாவாயிற்றே என்று பெரிய மனதுபண்ணி ஏறினேன். ஊருக்குத் திரும்பியதும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன், அப்பாவால் நடக்க முடியவில்லை, இல்லாவிட்டால் நான் முழுக்க நடந்திருப்பேன் என்று. அப்பா அதை மறுத்ததே இல்லை.

அடுத்த தை மாதம் அவர் மறுபடியும் மாலை போட்டார். எத்தனையாவது வருஷம் என்று அத்தை கேட்டாள்.

"மொத வருஷம்," என்றார்.

அப்பாவுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.