சாமியறை யன்னலில் ஒரு கொலிப்ரி

சென்ற வெள்ளிக்கிழமை காலை. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சாமியறைக்குள் இருந்து ஒரு சத்தம்.

"இஞ்சாரும்! ஓடி வாரும்! யன்னலுக்கு வெளியிலை ஒண்டு நிண்டு ஆடுது!"

என் கணவர் பூசை நேரத்தில் கத்துகிற ஆள் இல்லை. மணியைக்கூட மெதுவாகத்தான் ஆட்டுவார். கேத்திலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

"என்னது, குளவியோ?"

"குளவிக்கு மூக்கு இவ்வளவு நீட்டோ?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்... அந்தரத்தில்... பெருவிரல் அளவில் ஒரு பச்சைக் குருவி! கழுத்தில் மட்டும் சிவப்பு. சிறகு அடிப்பது தெரியவே இல்லை. ஹம்மிங்பேர்ட்! இங்கே பிரெஞ்சில் கொலிப்ரி என்பார்கள். நம்மூர்த் தேன்சிட்டின் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும் – ஆனால் சொந்தம் இல்லையாம்.

இந்தக் குருவிக்காக நான் மூன்று வசந்தமாகக் காத்திருக்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன்!

நாங்கள் குடியிருக்கிற பியர்பொன்ட்ஸில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மதாம் ஜொஸ்லீன் இருக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் அவருடைய வளவுக்குக் கொலிப்ரி வரும். எங்கள் பக்கம் எட்டியும் பார்க்காது. அவர்தான் சொல்லித் தந்தார் – சிவப்பு மூடி போட்ட போத்தலைக் கொழுவு, நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனி, தேன் மட்டும் விடாதே. சலரோகக்காரர் இருக்கிற வீட்டில் நான் சீனி வாங்கினேன். "எனக்குத் தேத்தண்ணிக்கு இல்லாத சீனி குருவிக்கோ?" என்று இவர் ஒரு வாரம் முறைத்தார். போத்தலுக்கு எறும்பு வந்தது. குளவி வந்தது. அணில் வந்து கம்பியையே வளைத்துவிட்டுப் போனது. வரவேண்டியது மட்டும் வரவில்லை.

இப்போது வந்திருக்கிறது. ஆனால் என் போத்தலை அது திரும்பியும் பார்க்கவில்லை. அது பார்த்தது முருகன் படத்தை!

சரி, படத்தை அல்ல. படத்தின் மேல் இவர் சற்றுமுன் வைத்த செவ்வரத்தம்பூவை – செம்பருத்தி என்பார்களே, அதை.

அந்தச் செவ்வரத்தையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றி எழுதக்கூடாது என்று இவர் சொல்லியிருக்கிறார்; செடியைப் பற்றி எழுதத் தடை இல்லையே? கார்ட்டியர்வில்லில் ஒரு சிநேகிதர் வீட்டில் கிளை முறித்து வந்து இவர் வளர்த்தது. கோடையில் வெளியே, குளிருக்குச் சாமியறை யன்னலோரம். இந்த மாரிக் குளிரில் வெள்ளைப்பூச்சி பிடித்து முக்கால்வாசி இலை கொட்டிவிட்டது. துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓட்டிவிட்டு வந்து, களைப்போடு களைப்பாக, மிஞ்சியதை ஒவ்வொரு இலையாகச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தார். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியை அப்படித் துடைத்தாரா? அந்தக் கேள்வி இப்போது வேண்டாம்.

எப்படியோ செடி பிழைத்தது. இரண்டு மொட்டு வைத்தது. முதல் பூ வெள்ளிக்கிழமை விரிந்து, முருகனிடம் போய்விட்டது. அதைத்தான் குருவி கேட்டு வந்து நிற்கிறது. கண்ணாடியில் 'டிக்... டிக்...' என்று மூக்கால் தட்டியது. போனது. திரும்பவும் வந்து தட்டியது. வெளியே இந்த வருடம் வசந்தம் பிந்திவிட்டது. எங்கள் வளவில் பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனை நாடு தாண்டி வந்த பசியோ? எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, மற்ற மொட்டு நாளைக்கு விரியும். பிடுங்காமல் செடியை வெளியிலை வைப்பமே?"

"இந்தக் குளிருக்கோ? செத்துப்போகும். இப்பதான் தப்பி வந்திருக்கு."

"பகல் மட்டும் வைச்சிட்டு, பின்னேரம் உள்ளுக்கை எடுப்பம்."

"அது முருகனுக்கெண்டு நினைச்ச பூ. குருவி வாய் வைச்சால் எச்சில். பேந்து எப்பிடிச் சாமிக்கு வைக்கிறது?"

மணந்து பார்த்த பூவைக்கூடச் சாமிக்கு வைக்காத குடும்பத்தில் வந்தவர். அதற்கு மேல் நான் என்ன கதைப்பது? ஆனால் ஒன்று கவனித்தேன். அன்று முழுக்க இவர் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு சாமியறைக்குப் போனார். ஃபோனில் அடிக்கடி வெதர் பார்த்தார்.

சனிக்கிழமை விடிய எழுந்து போய்ப் பார்த்தேன். சாமியறையில் விளக்கு எரிகிறது. முருகன் பூ இல்லாமல் நிற்கிறார். யன்னலோரம் வெறுமை... செடியைக் காணோம்!

பின்கதவைத் திறந்தால் – வேட்டிக்கு மேல் வின்ரர் ஜக்கெற், தலையில் கம்பளித் தொப்பியோடு இவர். செடியைச் சில்லுப் பலகையில் ஏற்றி, கொண்டெய்னரை றிவேர்ஸ் எடுப்பது போல அங்குலம் அங்குலமாக வெயில் விழும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூசைத் தட்டு. கற்பூரம் கொளுத்தவில்லை.

"புகை அதுக்கு ஒத்துக்கொள்ளாதெல்லோ?" என்றார் இரகசியமாக.

வேலிக்கு மேலால் மதாம் ஜொஸ்லீன் "பொன்ஜூர்!" என்றார். கொலிப்ரி பற்றி எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற பெண்மணி. இவர் உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்ஷ்!" அந்த அம்மாவும் வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

மூன்று பேரும் நின்றோம். செடி குளிரில் ஒரு இலையை உதிர்த்தது. இவர் முகம் சுருங்கியது. "எடுத்து உள்ளுக்கை வைப்பமோ..." என்று குனிந்தார்.

அப்போது வந்தது.

எங்கிருந்து என்று தெரியவில்லை. ஒரு ரீங்காரம் காதுக்குப் பக்கத்தில் போனது. அடுத்த நொடி, அந்த ஒற்றைச் செவ்வரத்தம்பூவின் முன்னால் நின்று மூக்கை உள்ளே விட்டது. பின்வாங்கியது. திரும்ப விட்டது. குனிந்த மனிதர் குனிந்தபடியே நின்றார் – இடுப்பு நோகிற நாரிப்பிடிப்புக்காரர்! நான் சந்தோசத்தில் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், விம்மி விம்மி அழுதேன்.

மதாம் வேலிக்கு மேலால் தன் போத்தல்களைப் பார்த்தார், எங்கள் பூவைப் பார்த்தார். என் மூன்று வருடப் பொறாமை அப்படியே வேலி தாண்டிப் போனது. "மேர்சி!" என்று நன்றி சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தால்... நாம் யாருக்குத்தான் அவர்கள் கேட்டதைக் கொடுக்கிறோம்? வீட்டுக்கு வருகிற விருந்தாளி வயிறு நிறைந்துவிட்டது என்பார். நாம் இன்னொரு கரண்டி சோறு போடுவோம். நானும் மூன்று வருடமாகச் சீனித்தண்ணீரோடு அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

பின்னேரம் செடியை உள்ளே கொண்டு வந்தோம். ஓர் இலையை மட்டும் இழந்து தப்பிவிட்டது. செவ்வரத்தம்பூவின் ஆயுள் ஒரு பகல்தானே? அது சுருண்டு போயிருந்தது. வாடிய பூவைச் சாமியறையில் ஒரு நிமிடமும் வைத்திருக்க மாட்டார் இவர். அன்று அதை மெதுவாகப் பிடுங்கி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் முருகன் படத்தில் வைத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"எச்சில் எண்டு சொன்னீங்கள்?"

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டே சொன்னார்.

"இவ்வளவு காலமும் நான் வைச்ச பூவை அவர் பாத்தவர். இண்டைக்குத்தான் சாப்பிட்டவர்."