பருத்திக் காட்டில் பதினேழு ஆன்டெனா

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் தோட்டம் வைத்திருந்த சுந்தரராஜுலு காந்திபுரம் பஸ்ஸில் ஏறினால், இரண்டு பேர் உட்காரும் சீட் அவருக்கு முழுதாகக் கிடைக்கும். பெரிய மனிதர் என்ற மரியாதையால் இல்லை. பூச்சிமருந்து வாடையால். தேய்த்துக் குளித்து, ஜவ்வாது தடவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனாலும் அந்த வாடை அவருக்கு முன்னால் பஸ் ஏறிவிடும்.

அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. பருத்தியில் புழு விழுந்தால் மருந்து அடிப்பார். விழாவிட்டால், இனிமேல் விழக்கூடாதே என்று அடிப்பார். பக்கத்துத் தோட்டத்து நாச்சியம்மாள் எட்டுத் தடவை அடித்தார் என்று கேள்விப்பட்டால் இவர் ஒன்பதாவதுக்கு டேங்க்கில் மருந்தைக் கலக்குவார். ஒருமுறை கோழிக்கூண்டில் எறும்பு ஊர்கிறது என்று டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தவரை, மனைவி வரலட்சுமி விளக்குமாற்றோடு நின்று திருப்பி அனுப்பினார்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் பருத்தியை ஒட்டி அரை ஏக்கர் அரசாணிக்காய், அதாவது பரங்கிக்காய், போட்டிருந்தார்கள். கொடி நன்றாக ஓடியது. காலையில் பார்த்தால் காடெல்லாம் மஞ்சள் பூ. காய்தான் இல்லை. பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வரும், பழுக்கும், உதிர்ந்துவிடும். சுந்தரராஜுலு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கீங்க கெளம்பீட்டீங்க?" என்றார் வரலட்சுமி.

"மருந்துக் கடைக்கு. காய் புடிக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குமல்ல அம்மணி."

"ஏனுங்க, அந்தப் பூவுல ஒரு தேனீயாச்சும் பாத்தீங்களா? அத்தனையும் மருந்தடிச்சுக் கொன்னுபோட்டு, இப்பப் பூவுக்குப் பூ மகரந்தத்தக் கொண்டுபோய் யாரு வெப்பாங்க? நீங்களா வெப்பீங்க?"

அவர் கோபத்தில் கேட்டது. ஆனால் சுந்தரராஜுலுவுக்கு எதையும் கேட்டபடியே எடுத்துக்கொள்கிற சுபாவம். பையைக் கீழே வைத்தார்.

"வெச்சாப் போச்சு."

மறுநாள் காலை ஆறு மணிக்கே காட்டுக்குள் இறங்கிவிட்டார். ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்து, பெண்பூவின் நடுவில் தேய்க்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆறடி ஆள், தொப்பை வேறு. கொடியை மிதிக்காமல் நாலு காலில் தவழ்ந்தார். தேய்க்கும்போது வாய் தானாக "ங்ங்ங்" என்று ரீங்காரம் போட்டது. அப்படிப் போட்டால் பூ நம்பும் என்று நினைத்தாரோ என்னவோ. வரப்பில் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. மூன்று நாள் ஆகியும் ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

நாலாம் நாள் வரலட்சுமி வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மணி?"

"ஏனுங்க... ரெண்டுமே ஆம்பளப் பூவுங்க!"

பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால்தான் பெண்பூ என்று அவர் சிரிப்புக்கு நடுவே காட்டினார். அதற்குப் பிறகு பிஞ்சு நிற்கத் தொடங்கியது. ஆறாம் நாள் சுந்தரராஜுலுவால் நிற்க முடியவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

குப்புறப் படுத்திருந்தவருக்கு வரலட்சுமி தைலம் தேய்த்தார்.

"ஒரு நாளைக்கு அறுவது பூ. அதுக்கே இடுப்புப் போச்சு," என்று முனகினார். "அந்தத் தேனீக எத்தன ஆயிரம் பூவுக்குப் போகும்!" முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "போன மாசம் வாய்க்கால்ல நாலு மைனா செத்துக் கெடந்துச்சே, வெயிலுக்குன்னு சொன்னனல்ல? வெயிலில்ல. நான் அங்கதான் டேங்க்கைக் கழுவுனேன். தண்ணி குடிக்க வந்துருக்குதுக."

வரலட்சுமி இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

"தெரியுமுங்க. பொதச்சது நாந்தானுங்க."

அன்றோடு டேங்க் பரணுக்குப் போனது. ஆனால் பருத்தியில் புழு இருந்தது. பத்து நாள் இலை இலையாகப் புரட்டிப் புழுவைக் கையால் பொறுக்கினார். பொறுக்கி மாளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் வீட்டுக்கும் கேபிள் டிவி வந்தது. இனி எதற்கு என்று கூரைமேல் இருந்த ஆன்டெனாவைக் கழற்ற சுந்தரராஜுலு ஏறினார். அதன் கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. இவர் போல்ட்டில் கை வைத்ததும் விர்ரென்று வந்து வழுக்கைத் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது. "ஐயோ!" என்று இவர் குனிய, அது நேராகப் பருத்திக்குள் பாய்ந்து, ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கம்பியில் உட்கார்ந்து தின்றது. மறுபடி பாய்ந்தது. மறுபடி ஒரு புழு. சுந்தரராஜுலு தலையைத் தடவிக்கொண்டே எண்ணினார். அரை மணி நேரத்தில் பதினொன்று. பருத்திக் காட்டில் உட்கார ஒரு கிளைகூட இல்லாமல்தான் இது இங்கிருந்து போய்வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கேபிள் வந்த வீட்டிலெல்லாம் ஆன்டெனா சும்மாதான் கிடந்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டார். இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்தார்கள். நான்கே நாளில் பருத்திக் காட்டுக்குள் பதினேழு ஆன்டெனா நின்றது.

முதலில் வந்தவர் நாச்சியம்மாள். "ராஜுலு தம்பி, படம் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து டிவிஎஸ் வண்டியில் வேர்க்க விறுவிறுக்க அப்துல் முத்தலிப் வந்தார். அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே கேபிள் கொடுப்பவர்.

"ஏனுங்ணா, நேராவே கேக்கறனுங்க. எனக்குப் போட்டியா நீங்களும் ஆரம்பிக்கறீங்களா?"

"அட, உங்களுக்கு எதுக்குங்க பாய் நான் போட்டி? இது கரிச்சானுக்கு."

"கரிச்சானா? யாருங்ணா அது, அவிநாசிக்காரரா?"

"இங்கியேதான் இருக்குது. கொஞ்சம் கோவக்காரப் பய."

"அவருக்கு எத்தன கனெக்சனுங்க?"

"இப்போதைக்கு ஆறு. குடும்பத்தோட வருதுக."

முத்தலிப்பின் முகம் வெளிறியது. அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் அவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பாய்ந்து, புழுவோடு மேலே போய் ஆன்டெனாவில் உட்கார்ந்தது. "அதா, அவருதான்," என்றார் சுந்தரராஜுலு. முத்தலிப் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதன்பின் எந்த வீட்டுக்குப் புது கனெக்சன் கொடுத்தாலும், கழற்றிய ஆன்டெனாவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்.

அந்த வருஷம் பருத்தி சுமார்தான். குருவி தின்று மிச்சம் வைத்த புழுவும் உண்டு. ஒரே ஒரு தடவை, சாயங்காலமாகப் பார்த்து, வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்தார். ஆனால் பதினொரு தடவை மருந்தடித்த நாச்சியம்மாளின் பருத்தியும் சுமார்தான். அடுத்த வருஷம் அரசாணிப் பூவில் தேனீ மொய்த்தது. காய் தாங்காமல், வந்தவர் போனவர் கையிலெல்லாம் வரலட்சுமி ஒன்றைத் திணித்தார். மீட்டர் பார்க்க வந்தவர் இரண்டோடு போனார்.

ஒருநாள் நாச்சியம்மாள் வரப்பில் வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உன்ர குருவிகள ஒரு வாரத்துக்கு என்ர காட்டுக்கு அனுப்பி உடேன்."

"அக்கா, நான் சொன்னா அதுக எங்கீங்க கேக்குதுக? நீங்க மருந்த நிறுத்திப்போட்டு நாலு ஆன்டெனா நடுங்க. அதுகளே வந்துக்கும்."

நாச்சியம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, நிறுத்திப் பாக்கறேன். ஆனா என்ர மண்டைல கொத்தக் கூடாதுன்னு நீ அதுககிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சுரு."

"சொல்லிப்போடறனுங்க," என்று சொல்லிவிட்டு, சுந்தரராஜுலு தோளுக்கு இரண்டாக நாலு ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தார்.