தோளில் சிக்கிய ஊசி

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இறுகிப்போன தோளுக்காக, காப்பெல் என்ற அமெரிக்க ஊரில் ஒரு ஜப்பானிய அக்குபங்சர் பெண்மணியிடம் போய்க்கொண்டிருந்தேன். தோளில் குத்திய ஊசியின் தலையில் மூலிகை உருண்டையை வைத்துப் பற்றவைப்பார். சூடு ஊசி வழியே தசைக்குள் இறங்கும்.

அன்று குப்புறப் படுத்திருந்தபோது ஃபயர் அலாரம் அலறியது. அவர் கனன்ற உருண்டையைக் கரண்டியால் எடுத்துவிட்டு ஊசியை இழுத்தார். வரவில்லை. பயத்தில் என் தசை ஊசியைக் கவ்விக்கொண்டது.

வெளியறையில் காத்திருந்த என் கணவர் குழந்தையோடு கதவருகே ஓடிவந்தார். "சீக்கிரம் வா, எல்லாரும் வெளிய போறாங்க!"

"ஊசி வரமாட்டேங்குதுங்க. நீங்க பாப்பாவத் தூக்கிட்டுப் போயிருங்க!"

தயங்கித் தயங்கிப் போனார். புகை வாடை அடித்தது. "நீங்களும் போங்கள்" என்று அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நீங்கள் எழுந்த பிறகு" என்றார். மண்டியிட்டு என் முகத்துக்கு நேரே வந்து, குழந்தையின் பெயரைக் கேட்டார். பேசுகிறாளா என்று கேட்டார். ஊசியைச் சுற்றி அவர் விரல்கள் மெல்லத் தடவிக்கொண்டே இருந்தன. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி கழன்று வந்துவிட்டது.

வெளியே ஓடினோம். பக்கத்துக் கடை அடுப்பில் ஏதோ கருகிய புகையாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பார்க்கிங்கில் நின்றபோதுதான் கவனித்தேன், அந்தப் பெண்மணியின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பயம் இல்லாதவர்கள்தான் இப்படி உடன் நிற்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.