நான் கட்டாத அபராதம்

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் வாத்தியார். ஆராய்ச்சிக்கென்று அரசு நிதி வாங்கியிருந்தேன். பணம் வந்ததும் கருவி வாங்கக் காட்டிய வேகத்தை, வருடாந்திர அறிக்கை எழுதக் காட்டவில்லை. கெடு தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பக்கத்து மேசை நூர்ஜஹான் மேடம் பூந்தமல்லிக்காரர். மதியச் சாப்பாட்டின்போது அடிக்கடி கேட்பார்.

"சார், ரிப்போர்ட் அனுப்பிட்டீங்களா?"

"பந்தி முடிஞ்சாச்சு மேடம். மொய் எழுத என்ன அவசரம்?"

சிரித்துவிடுவார். மிஞ்சிப்போனால் அபராதம் போடுவார்கள், கட்டிவிடலாம் என்று நானும் சிரிப்பேன்.

அந்த வருடம் அவரும் நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். ஏரிக்கரையில் விளையும் கீரையில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. வயது வரம்புப்படி அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. விண்ணப்பம் படிக்கப்படாமலே திரும்பி வந்தது. ஒருவர் அறிக்கை பாக்கி வைத்திருந்தால், அந்தக் கல்லூரியிலிருந்து வேறு யார் கேட்டாலும் நிதி கிடையாதாம். அந்த ஒருவர் நான்தான்.

"விஷயம் இதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன், பழியில் பாதியை அவர் பக்கம் தள்ளப் பார்த்து.

"எத்தனை தடவை கேட்டேன் சார். நீங்க ஜோக் சொன்னீங்க. நானும் சிரிச்சுட்டேன்."

சாப்பிடாமலே டிபன் பாக்ஸை மூடிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அன்று மாலை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன வேலையா அது என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.