நானா ஒப்பமிட்ட பிழை

எங்கள் அலுவலகத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. தடித்த மட்டை, சிவப்பு முதுகு. கணினிகளில் யார் எதை மாற்றினாலும் அதில் ஒரு வரி எழுதி ஒப்பமிட வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். கொழும்பு வெள்ளவத்தையில் மாடியில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுகிற நாங்கள் இதற்குப் போய்ப் பேனா பிடிப்பதா என்று நான் நையாண்டி பண்ணித் திரிந்தேன். தவறாமல் எழுதியவர் நானா ஒருவர்தான். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல் நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கொம்பனித்தெருவிலிருந்து வருவார், நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக நானா எழுதிய புரோகிராம் திடீரென்று பிழையாகக் கணிக்கத் தொடங்கியது. காலையில் எல்லாம் சரி. பதினொரு மணி தாண்டினால் விடைகள் மாறிவிடும். அங்கே வேலை செய்த மிஸ் எதையும் கையால் போட்டுப் பார்க்கிறவர் என்பதால் பிழையான அறிக்கை ஒன்றும் வெளியே போகவில்லை. நானா இன்னும் நிரந்தரமாக்கப்படாதவர். “வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி வேற இடம் பாருங்கோ” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

நானா மூன்று நாளில் அந்தக் கணக்கை நான்கு தடவை அழித்து எழுதினார். அஸர் தொழுகைக்கு எழும்பிப் போகும்போதும் சூத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார். “எங்கயோ நான்தான் மடத்தனம் செஞ்சீக்கிறேன், தங்கச்சி” என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

ஏனென்றால், அந்தப் புரோகிராமை ஓட்டுகிற மெய்நிகர் இயந்திரத்துக்கு, முந்திய வாரம் நான் ஒரு புதிய பதிப்பைப் போட்டிருந்தேன். வேகமானது, ஆனால் இன்னும் சோதனையில் இருந்த பதிப்பு. கொப்பியில் எழுதவில்லை. வெள்ளி காலை மனம் கேட்காமல், நானாவின் முதல் கணக்கை எடுத்து ஒரே எண்ணைப் பல்லாயிரம் தடவை கொடுத்துப் பார்த்தேன். பழைய பதிப்பில் கடைசிவரை ஒரே விடை. புதியதில் சில ஆயிரம் தாண்டியதும் விடை மாறியது. அடிக்கடி வருகிற கணக்குக்கு அந்த இயந்திரம் தானாகவே ஒரு குறுக்குவழி அமைத்துக்கொள்ளும். புதிய பதிப்பு அமைத்த குறுக்குவழிதான் பிழை. தினமும் காலையில் புதிதாக ஓடத் தொடங்கி, பதினொரு மணியளவில்தான் கணக்குகள் அந்த எண்ணிக்கையைத் தாண்டும். நானாவின் கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

சத்தமில்லாமல் பழைய பதிப்பைத் திருப்பிப் போட்டேன். அதே காலையில் நானாவும் ஐந்தாவது தடவை எழுதியதைப் போட்டார். பின்னேரம்வரை விடைகள் மாறவில்லை. எல்லோரும் நானாவின் தோளில் தட்டினார்கள். அவர் கொப்பியை விரித்து, “எனது கணக்கில் பிழை. திருத்தப்பட்டது” என்று எழுதி ஒப்பமிட்டார். நான் பக்கத்து மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பயத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு அதுவே வசதியாகிவிட்டது.

வேலை தப்பியது. ஆனால் அதன் பிறகு நானா எதை எழுதினாலும் என்னைக் கூப்பிட்டு, “ஒருக்கா பாருங்களேன்” என்பார். அடுத்த வருடம் தனக்கு இது சரிவராது என்று சொல்லி, மச்சானின் செருப்புக் கடைக்குப் போய்விட்டார்.

போன மாதம் அலுவலகம் இடம் மாறியபோது கொப்பி என் கைக்கு வந்தது. நானாவின் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப, என்ட கணக்கு சரியாவா ஈந்திச்சி?” என்று கேட்டார்.

“ஓம் நானா. முதல் நாள் எழுதினதே சரி. நான்தான் பிழை விட்டனான்.”

“முதல் நாள் எழுதினதா?” என்று மறுபடி கேட்டார்.

அவருடைய ஒப்பத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதில் நடந்ததை எழுதி, ஒப்பமிட்டேன். நாளைக்குக் கொப்பியோடு கொம்பனித்தெருவுக்குப் போகிறேன். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.